ஈரம் காயும் வரை

இந்த நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ள அனுமதித்தீர்கள், நன்றி. நேர் எதிரே வெளிச்சம் விழுகிற முகம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் விழுந்தால்தான் கன்னத்துக்கும் தாடைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியும். உங்கள் முகம் பென்சிலுக்கு உகந்தது, ஐயா. இடது புருவம் வலதைக் காட்டிலும் ஒரு நூலளவு உயர்ந்திருக்கிறது. எதையும் உடனே நம்பிவிடாதவர்களுக்கு அப்படி அமையும். குறையாகச் சொல்லவில்லை. பல்செட் செய்து பிழைத்தவன் நான். பிறர் முகத்தை அளப்பது கையோடு வந்த பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் வரைகிறவர்களின் வழக்கம் தெரியாதவருக்கு நான் சொல்லப்போவது வேறு விதமாகப் படக்கூடும். ஆகவே அங்கிருந்து தொடங்க அனுமதியுங்கள்.

பென்சில் என்பது முடிவெடுக்கும் கருவி. துறைமுகத்தில் படகுகள் முட்டிக்கொண்டு நிற்கும். தாளில் மூன்று நான்குதான் வரும். மற்றவற்றை ஏன் விட்டாய் என்று எவரும் கேட்பதில்லை. எது இருக்க வேண்டும், எது இருக்க வேண்டாம் என்பதை அமைதியாக, யாரையும் கலந்து பேசாமல் தீர்மானிக்கும் உரிமை அந்த ஒரு கருவிக்குத்தான் உண்டு.

நீர்வண்ணம் அப்படியல்ல. தாளை நனைத்து, தூரிகையில் வண்ணத்தைக் குழைத்து, ஒரு வானத்தை மேலிருந்து கீழாக இறக்கிவிட்டால், காயும்வரை அந்த வானம் நம்முடையதன்று; தண்ணீருடையது. கண்ணிமைப்பில் கவனம் பிசகினால் போதும், ஈரம் பின்வாங்கி நட்ட நடுவில் காலிஃபிளவரைப் போல ஒரு கறை பூத்துவிடும். அதை அழிக்க முடியாது. மேலே பூசி மறைக்க முயன்றால் சேறாகும்.

பாஸ்டலைச் சோம்பேறிகளின் வண்ணம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சுண்ணக்கட்டிபோலப் பொடியாகும் வண்ணக் குச்சிகள். தண்ணீர் வேண்டாம், தூரிகை வேண்டாம். தாளில் இழுத்து விரலால் தேய்த்தால் போதும். பிடிக்காவிட்டால் அதன்மேலேயே இன்னொரு நிறம். நடுவில் எழுந்து தேநீர் குடிக்கலாம், யாராவது கூப்பிட்டால் போய்ப் பேசிவிட்டு வரலாம். விட்ட இடத்தில் படம் அப்படியே காத்திருக்கும். ஆபத்தே இல்லாத ஒன்றில் அழகு எப்படி வரும் என்பது என் கேள்வி. இப்போது அப்படி நினைக்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் எஸ்ஸவீராவில் ஞாயிறுதோறும் வரையப் போகிறவர்கள் மூவர். மஹ்ஜூப் ஷியாத்மியாகிய நான் இந்த ஊரின் மீன் வாடையிலேயே பிறந்தவன். லல்லா யாம்னா, பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்து ஓய்வு பெற்றவள். பென்சிலைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள், வாய் மட்டும் ஓயாது. மூன்றாமவர் தாமி பெர்ராதா; அவளுக்கு லல்லா என்பதுபோல, மரியாதைக்கு இவர் சி தாமி.

சி தாமி ஃபேஸ் நகரத்தார். வங்கி மேலாளராக இருந்தவர். மூச்சிரைப்புக்குக் கடற்காற்று நல்லது என்று மருத்துவர் சொன்னதால் இங்கே வீடு வாங்கி வந்தவர். ஃபேஸ் நகரத்துப் பெரிய வீட்டுக்காரர்களை நீங்கள் அறிவீர்கள். நம் மேசையில் உட்கார்ந்து நம் மீனைத் தின்றுகொண்டே, மீன் அருமை, சமைக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை என்பார்கள். அதையும் ஆசீர்வாதம்போலச் சொல்வார்கள்.

அவர் வந்த முதல் குளிர்காலத்தில்தான் அந்த விதி பிறந்தது. கோட்டைச்சுவரின் அடியில் உட்கார்ந்து அவர் ஒரு வானத்தை இறக்கிக்கொண்டிருந்தார். லல்லா யாம்னா கூடையைத் திறந்து, "சி தாமி, ரொட்டி ஆறிப்போகுது, தேன் ஊத்திட்டேன், வாங்க" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பினார். திரும்பிய நொடியில் கறை பூத்துவிட்டது.

"உங்க ரொட்டி ஒரு வானத்தையே முழுங்கிடுச்சு, லல்லா."

"வானம் நாளைக்கும் அங்கயேதான் இருக்கும். ரொட்டி இருக்குமா?"

"இனிமே ஒரு சட்டம். ஒருத்தரோட தாள் ஈரமா இருக்கறப்ப அவரை யாரும் கூப்பிடக் கூடாது. அவரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. காயற வரைக்கும் எல்லாரும் ஊமை."

"பாம்பு வந்தா?"

"கடிச்சுட்டுப் போகட்டும்."

"வீடு பத்திக்கிட்டா?"

"எது, என் வீடா இவர் வீடா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். "இவர் வீடுன்னா கண்டிப்பா வாயத் தெறக்காதீங்க. சுவத்துல மாட்டி வச்சிருக்கறதெல்லாம் எரிஞ்சா ஊருக்கே புண்ணியம்."

லல்லா யாம்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நீங்கள் அவளிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். விதியை நான் செய்யவில்லை என்பதை மட்டும் மனத்தில் இருத்துங்கள். அன்றுமுதல் நாங்கள் அதைப் பிசகாமல் காத்துவந்தோம். ஒருமுறை லல்லா யாம்னாவின் கூடையை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியது. நான் பார்த்தேன், ஆனால் என் தாளும் சி தாமியின் தாளும் ஈரம். அவள் பட்டினியாக வீடு திரும்பினாள்.

எனக்கு அவர்மீது பகை உண்டா என்று நேற்று கேட்டீர்கள். பகை என்பதற்கு ஒரு சூடு வேண்டும்; என்னிடம் அது இருந்ததில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பெயரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

மீன்பிடித் துறையில் கரையேற்றி வைத்திருந்த ஒரு நீலப் படகை நான் வரைந்துகொண்டிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. சி தாமி என் பின்னால் வந்து நின்றார். தாள் ஈரம் என்பதால் பேசவில்லை, விதியை மதித்தார். குனிந்தார். தம் தூரிகையில் ஏற்கெனவே குழைத்து வைத்திருந்த கருமையான ஊதாவால், என் படகின் அடியில், ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். தாள் காய்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இப்பத்தான் படகு தரையில உக்காந்திருக்கு, பல்லுக்காரரே. அது வரைக்கும் ஆவி மாதிரி அந்தரத்துல தொங்கிக்கிட்டிருந்தது."

அவர் சொன்னது சரி. அதுதான் சகிக்க முடியாதது. பேசக் கூடாது என்றுதான் விதி. தொடக் கூடாது என்று அதில் இல்லை. அந்தப் படத்தைக் கலாச்சார இல்லத்தில் மாட்டினார்கள். வந்தவர்கள் எல்லோரும் அதன்முன் நின்றார்கள். நின்றவர்கள் எல்லோரும் அந்த நிழலைக் காட்டினார்கள். காசாபிளாங்காவில் இருக்கும் என் மகள் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பாட்டு அறையில் மாட்டிக்கொண்டாள். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதன் எதிரில்தான் என்னை உட்கார வைப்பாள். "பாபா, எத்தன நேரம் பார்த்தாலும் அந்த நிழல் அலுக்கவே மாட்டேங்குது" என்பாள். நான் கவளத்தை விழுங்குவேன்.

ஒருவர் வாயில் இருக்கும் பற்களின் நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஒப்பாகக் கலந்து தருபவன் நான். அந்த ஊதாவையும் கலந்துவிட்டேன். நிறம் அச்சாக அதே நிறம். ஆனால் இழுப்பு வரவில்லை. வீட்டில் ஒரு பெட்டி நிறைய, அடியில் நிழல் இழுத்துக் கெட்டுப்போன படகுகள் கிடக்கின்றன. அவர் என் படத்தைக் கிழித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

இந்த வசந்தத்தில் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. தேநீர்க் கண்ணாடி தட்டில் தாளம் போடும். அவர் கையை மேலங்கிக்குள் ஒளித்துக்கொள்வார். எவரையும்விட முதலில் அதைக் கவனித்தவன் நான்தான். மராகேஷில் நல்ல மருத்துவர் ஒருவரின் பெயரையும் சொன்னேன். அந்த ஞாயிறன்று காலை ஒரு பரிசும் கொடுத்தேன். உங்கள் மேசைமேல் துணியில் சுற்றி வைத்திருக்கிறீர்களே, அந்தப் பெட்டிதான். நல்ல மரம், பித்தளைக் கொக்கி. அவர் திறந்து பார்த்துவிட்டு, மூடிக் கொக்கியை மாட்டினார்.

"இது கருணையா, கிண்டலா, சி மஹ்ஜூப்?"

"ரெண்டுந்தான்."

அவர் சிரித்தார். எங்களுக்குள் அப்படித்தான் பேச்சு.

அன்று லல்லா யாம்னா தங்கை மகள் கல்யாணத்துக்காக அகாதிர் போயிருந்தாள். நாங்கள் இருவர் மட்டும். காற்றே இல்லை. எங்கள் ஊரில் காற்றில்லாத நாளில் ஜனங்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். கடலிலிருந்து மெல்லிய மூடுபனி ஏறி எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நாளில் தாளில் வைத்த ஈரம் எளிதில் காயாது. இதை நீங்கள் எந்த ஓவியரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

ஊருக்கு வடக்கே, கரையை விட்டுச் சற்று விலகி, நாயின் முதுகு என்று நாங்கள் அழைக்கும் பாறை இருக்கிறது. கடல் இறங்கியிருக்கும்போது மணலில் நடந்தே போய் ஏறலாம். அங்கிருந்து பார்த்தால்தான் கோட்டைச்சுவர் முழுதாகத் தெரியும். அங்கே போய் உட்காருங்கள் என்று சொன்னது நான்தான்; அதை மறைக்கவில்லை.

"கடல் ஏறுமே?" என்றார். ஃபேஸ்காரருக்குக் கடல் என்றால் உள்ளுக்குள் ஒரு பயம்.

"மத்தியானத்துக்கு மேலதான். நீங்க பாட்டுக்கு வரைங்க. நேரமானா நான் கூப்பிடறேன்."

"நீங்களா? கோடு போட ஆரம்பிச்சா ஊரே முழுகினாலும் உங்களுக்குத் தெரியாதே."

"கூப்பிடறேன், சி தாமி."

மத்தியானம் என்பதை நான் கொஞ்சம் தாராளமாகச் சொல்லியிருக்கலாம். அவருடைய பையையும் மடக்கு நாற்காலியையும் நானே சுமந்து போனேன். மேலே ஏறக் கைகொடுத்தேன். அந்த நடுங்கும் கை என் கைக்குள் ஒரு குருவியைப்போல இருந்தது. அவரை உட்கார வைத்துவிட்டுக் கரைக்குத் திரும்பி, மணல்மேட்டில் இடம் பிடித்தேன். அங்கிருந்து பாறையும் தெரியும், பாறைக்கும் கரைக்கும் இடையில் உள்ள பள்ளமும் தெரியும்.

முதல் தாள் பென்சில். அதில் குனிந்த முதுகு இருக்கிறது, பாறை இருக்கிறது, நடுவே உலர்ந்த மணல் இருக்கிறது. அது உங்களிடம் இருக்கிறது, பாருங்கள். இரண்டாம் தாள் நீர்வண்ணம்; அதே பாறை, அதே முதுகு. அதை நனைத்தபோது பள்ளத்தில் மணல் கறுக்கத் தொடங்கியிருந்தது. கடல் அந்தப் பாறையை முன்னாலிருந்து நெருங்குவதில்லை. வடக்கேயிருந்து ஒரு நாக்கு, தெற்கேயிருந்து ஒரு நாக்கு. இரண்டும் முதுகுக்குப் பின்னால் வந்து சத்தமில்லாமல் கூடும். முதலில் ஈய நிறம். ஆழம் ஏறினால் பழைய புட்டியின் பச்சை. அந்த மாற்றத்தைப் பிடிக்க வேண்டுமானால் கண்ணை எடுக்கக் கூடாது. நான் எடுக்கவில்லை.

அவரையும் பார்த்தேன். தலை தாளுக்குள் கவிழ்ந்திருந்தது. தாள் ஈரமாக இருக்கும்போது கூப்பிடக் கூடாது. இதை எனக்குள் சொல்லிக்கொண்டேன். பள்ளத்தில் நிறம் மாறமாற, திரும்பத்திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு அவரே நிமிர்ந்தார், திரும்பினார், எழுந்தார்.

"சி மஹ்ஜூப்! தண்ணி வந்துடுச்சு! எந்தப் பக்கமா எறங்கறது?"

அந்த நேரத்தில் என் வானம் தொடுவானம்வரை நனைந்திருந்தது. நியாயமாகப் பார்த்தால் விதியை மீறியவர் அவர்தான்.

"ஓய், பல்லுக்காரரே! காது கேக்குதா இல்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. தூரிகையைத் தாளிலிருந்து எடுக்கவும் இல்லை. பிறகு, "மஹ்ஜூப், தம்பி" என்றார். அத்தனை காலத்தில் ஒருநாளும் அவர் என்னைத் தம்பி என்று அழைத்ததில்லை.

நீங்களும் இந்தக் கரைக்காரராகத் தெரிகிறீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாயின் முதுகின் உச்சி முழுகுவதில்லை. எங்கள் ஊரில் பிள்ளைப் பருவத்தில் அங்கே மாட்டிக்கொள்ளாதவர் கிடையாது. உச்சியில் குந்தியிருந்து, செருப்பு நனைந்து, மாலையில் கடல் இறங்கியதும் வீடு போய், அம்மாவிடம் அடி வாங்குவோம். ஃபேஸில் பிறந்தவருக்கு அது தெரிய வழியில்லை. ஏறுகிற கடல் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று அவர் நினைத்தார். அங்கேயே இருங்க. இரண்டே வார்த்தை, கத்தக்கூட வேண்டியதில்லை, காற்றில்லாத நாள் அது.

அவர் பெட்டியைத் தம் மேலங்கியில் சுற்றி உச்சியில் இருந்த பிளவில் செருகினார். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார், மசூதி வாசலில் வைப்பதுபோல. பிறகு பள்ளத்தில் இறங்கினார். முழங்கால், இடுப்பு. பள்ளத்தின் நடுவில் அந்த இரண்டு நாக்குகளும் சேருகிற இடத்தில் தண்ணீர் வெளிப்பக்கமாக இழுக்கும். வலது கை மேலே தெரிந்தது. அவ்வளவு தொலைவிலிருந்து பார்க்க, அது நடுங்குவதாகத் தெரியவில்லை.

என் வானம் காயும்வரை காத்திருந்தேன். காய்ந்ததும் பாறையின் அடியில் ஊதாவால் ஓர் இழுப்பு இழுத்தேன். வந்தது, ஐயா. கெட்டுப்போன அத்தனை படகுகளுக்குப் பிறகு, அன்றுதான் எனக்கு அது வந்தது. பாறை தரையில் உட்கார்ந்துவிட்டது.

அதன்பிறகு மீனவர்களிடம் போய்ச் சொன்னேன். அவரையும், பாறை உச்சியிலிருந்து அவருடைய பெட்டியையும் அவர்கள்தான் கொண்டுவந்தார்கள்.

லல்லா யாம்னா உங்களிடம் வந்ததற்குக் காரணமும் என் படம்தான். அடக்கம் முடிந்த பிறகு, துக்கத்துக்குச் சமைத்த கூஸ்கூஸ் தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. சுவரில் அந்தப் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இது எப்ப போட்டது?"

"ஞாயித்துக்கிழமை."

"அப்புறமா, வீட்டுக்கு வந்து, நெனவுல வச்சுப் போட்டீங்களா?"

ஆம் என்று தலையாட்டியிருந்தால் போதும். தட்டை வைத்துவிட்டு, அழுதுவிட்டுப் போயிருப்பாள். ஆனால் நீரின் விளிம்பை அப்படி எவனும் நினைவிலிருந்து வரைய முடியாது. நான் நினைவிலிருந்து வரைகிறவன் அல்லன்.

"அங்கயே, நேர்ல பார்த்துப் போட்டது" என்றேன்.

வாய் ஓயாதவள் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு படத்தின் அருகில் போய், கிட்டத்தட்ட மூக்கு உரச நின்றாள்.

"தண்ணி அவரச் சுத்தி நிக்குது."

"ஆமா."

"நீ பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க."

அதுவரை அவள் என்னை நீ என்றதில்லை.

"தாள் ஈரமா இருந்தது, லல்லா."

"ஈரமா? எத்தன உசுரு வெளிய வரமாட்டேன்னு அடம்புடிச்சு உள்ளயே கெடந்திருக்கும் தெரியுமாடா? தொண்டை கிழியக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இழுத்துப் போட்டவடா நான். ஒனக்கு ஒரு குரல் குடுக்க வாய் வரல."

தட்டை எடுத்துக்கொண்டாள். வாசலில், என் கண் முன்னாலேயே, அதைத் தெருப் பூனைகளுக்குக் கொட்டினாள். என் வீட்டில் வைப்பதைவிட அது மேல் என்று தெரியும்படி, ஒரு பருக்கை விடாமல் தட்டைத் தட்டித் தட்டிக் கொட்டினாள். அங்கிருந்து நேரே உங்களிடம் வந்திருக்கிறாள்.

நீங்கள் நியாயமான மனிதர். முழுதும் கேட்டுவிட்டு, இதை எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள் என்றும் சொன்னீர்கள். இருவரும் வேலையில் மூழ்கியிருந்தார்கள். இருவர் தாளும் ஈரம். பைத்தியக்காரத்தனமான ஒரு விதி, அதையும் செய்தவர் இறந்தவரே. கிழவர்களின் கவனக்குறைவு, வருந்தத்தக்கது, அதற்குச் சட்டத்தில் லேசான ஒரு பெயர் இருக்கிறது என்றீர்கள். இதில் கையெழுத்துப் போட்டால் இன்று மாலையே என்னை வீட்டுக்கு அனுப்பலாம் என்றும் சொன்னீர்கள். நன்றியுடையவனாக இருக்கிறேன். பேனாவும் கையில்தான் இருக்கிறது.

கையெழுத்துக்கு முன் ஒரு சிறிய திருத்தம் மட்டும். அந்தப் பெட்டியை நீங்கள் வாட்டர்கலர் பெட்டி, வாட்டர்கலர் பெட்டி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். திறந்து பார்த்திருப்பீர்கள்; வண்ணமென்றால் எல்லாம் வண்ணம்தானே என்று மூடியிருப்பீர்கள். வரைகிறவன் காதில் அது உறுத்துகிறது. துணியை அவிழ்த்து இன்னொரு முறை பாருங்கள். தூரிகை இருக்கிறதா? தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறதா? கை நடுங்குகிறவர் தூரிகை பிடிக்க முடியாது என்பதால்தான் சோம்பேறிகளின் வண்ணத்தைத் தேடி வாங்கிக் கொடுத்தேன். காலையில் பாறையில் அவருக்குக் குச்சிகளை அடுக்கி வைத்ததும் நான்தான். அது பாஸ்டல், ஐயா. மூடியின் உட்புறம் அவருடைய தாள் இருக்கும். முதல் தடவையாகத் தொட்டவர். மூடுபனியை விரலால் தேய்த்திருக்கிறார், அந்த நடுக்கமே பனியாகிவிட்டது. பாஸ்டலைப் பற்றி என் எண்ணத்தை மாற்றியது அதுதான். தாராளமாகத் தொட்டுப் பாருங்கள், கொஞ்சம் பொடி உதிரும், அவ்வளவுதான். காய்வதற்கு அதில் எந்த நேரத்திலும் ஒன்றுமே இருக்கவில்லை.